வீழ்த்திய கணக்கும் மீட்ட கணக்கும்

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் இல்லங்களுக்கிடையே நிகழ்ந்த பொது அறிவுப் போட்டிக்கு நடுவராயிருக்கும் பணி எனக்கு வாய்த்தது. தமிழாசிரியனை நடுவராக்கினால் மேடையிற் பேசப்படும் தமிழிலேனும் பிழை குறையும் என்று பொறுப்பாளர் கருதினார் போலும். வினாக்களும் விடைகளும் தட்டச்சிடப்பட்டு, உறையில் இட்டு என் கையிலே தரப்பட்டிருந்தன. முதலாம் மகாயுத்தத்திலே 'செந்நிறப் பிரபு' எனப் பெயர்பெற்ற ஜேர்மானிய விமானி மன்பிரட் வொன் ரிக்தோபனை வீழ்த்தியவர் யார் என்பது அவற்றுள் ஒரு வினா. பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் எழுந்து, "அவுஸ்திரேலியப் படையின் இயந்திரத் துப்பாக்கி வீரர் ஒருவர், சேர்" என்றான். என் கையிலிருந்த தாளிலோ "றோய் பிறவுண், கனடா" என்றிருந்தது. பிழை என்றேன். அவன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் மணி அடித்தாயிற்று. அடுத்த வினாவுக்குப் போய்விட்டோம். அவனுடைய இல்லம் ஒரேயொரு புள்ளியினாலே தோற்றது.

அந்தப் பையனின் முகம் என்னை விடவில்லை. நூலகத்திலும் பின்னர்க் கணினியிலும் தேடித் தேடி வாசித்தேன். அவன் சொன்னதே இக்காலத்து ஆராய்ச்சியாளருட் பெரும்பாலார் கொள்ளும் முடிபென அறிந்து வெட்கினேன். அதனோடு விட்டிருந்தால் ஒரு புள்ளியைத் திருத்தி எழுதியதோடு காரியம் முடிந்திருக்கும். ஆயின் வாசிக்க வாசிக்க, விடையைக் காட்டிலும் வினாவே பிழையுடையது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டது. றோய் பிறவுண் என்னும் அந்தக் கணக்காளரைப் பற்றி உலகம் நூறாண்டாகக் கேட்டுவரும் கேள்வி கேட்கத் தகாத கேள்வி என்பதே யூபிலி மலருக்கு நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒன்று சொல்லிவிடவேண்டும். வானிலே இரைச்சல் கேட்டவுடன் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். போர்விமானி ஒருவரைப் புகழ்ந்தெழுத என் பேனா எளிதிலே முன்வரவில்லை. இக்கட்டுரை விமானப் போரின் புகழன்று. அப்போரின் நடுவிலே வேறொரு கணக்கை வைத்திருந்த ஒருவரின் கதை என்றே நண்பர்கள் இதனை வாசித்தல் வேண்டும்.

ஆதர் றோய் பிறவுண் 1893 டிசம்பர் 23 ஆம் நாள் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே, ஒட்டாவா நகருக்கு அண்மையிலுள்ள கார்ள்ரன் பிளேஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் நடுப்பிள்ளை. தந்தையார் மா அரைக்கும் ஆலைகள் நடத்தியவர். குடும்பத் தொழிலை ஏற்று நடத்துதற்கு ஒரு பிள்ளை கணக்கறிந்தவனாக இருத்தல் வேண்டுமல்லவா? ஆதலின் உயர்பள்ளிப் படிப்பை இடையில் விடுத்து, கணக்கியல் பயிற்றும் வணிகப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். அதனை முடித்தபின் பல்கலைக்கழகம் புக ஆசை எழுந்தது. வணிகப் பள்ளிப் படிப்பு அதற்கு வாயிலாக அமையவில்லை. வேறொருவராயின் மனமுடைந்து ஆலைக்கே திரும்பியிருப்பார். பிறவுணோ இருபது வயதளவில் மறுபடியும் பள்ளி மாணவராகி, மேற்கே நெடுந்தூரத்திலுள்ள எட்மன்ரன் நகருக்குச் சென்று, அங்குள்ள விக்ரோறியா உயர்பள்ளியிலே 1913 முதல் 1915 வரை பயின்றார். தம்மினும் இளைய பையன்களோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கக் கூசாத மனம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

அங்கே அவருக்கு நண்பனாகக் கிடைத்தவன் வில்பிரிட் மே என்னும் இளைஞன். 'வில்பிரிட்' என்று சொல்ல நா வளையாத சின்னஞ்சிறு உறவுப்பிள்ளை ஒன்று 'வொப்பி' என்று அழைக்கப்போய், 'வொப் மே' என்பதே அவனுக்கு ஆயுள் முழுவதும் பெயராயிற்று. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

யுத்தம் மூண்டது. 1915 இலே பிறவுண் பிரித்தானியக் கடற்படையின் வானப் பிரிவிற் சேர விரும்பினார். சேர்வதற்கு விமானவோட்டிச் சான்றிதழ் வேண்டும். அதனைச் சொந்தச் செலவிலே பெற்றுவரவேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலே, ரைற் சகோதரர் பெயரால் நடந்த பறத்தற் பள்ளியிற் கற்று அவ்வாண்டு நவம்பரிற் சான்றிதழ் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே பயிற்சியின்போது 1916 மே மாதத்தில் விமானம் விழுந்து நொறுங்கி, அவரது முதுகென்பு முறிந்தது. எழுந்துவருதற்கு மாதங்கள் சென்றன. 1917 இலேதான் போர்முனை வானத்தை அடைந்தார். அவர் ஓட்டிய விமானங்களுள் ஒன்று 'சொப்வித் கமல்'. துப்பாக்கிகளை மூடி முன்புறத்தே திமில்போற் புடைத்திருந்தமையால் அதற்கு ஒட்டகம் என்று பெயர் வந்ததாம். ஒட்டகத்தைப் போலவே அதுவும் புதியவனுக்கு எளிதில் அடங்காதது. எதிரியைக் காணுமுன்னே பயிற்சிக் களத்தில் அதனாலே மாண்ட இளைஞர் பலர்.

பிறவுண் தம் வீரத்துக்காகச் சிறப்புச் சேவைச் சிலுவை என்னும் விருதினை இருமுறை பெற்றார். அவர் வீழ்த்தியனவாகப் பதிவானவை 10 விமானங்கள். அக்காலத்துப் பேர்பெற்ற விமானிகளின் தொகையோடு ஒப்பிட்டால் 10 என்பது சிறிய எண். சரித்திர நூல்கள் அவரை அதனாலே பெரிதும் மதிப்பதில்லை. ஆயின் அவரைப் பற்றி வேறொரு செய்தியும் எழுதப்பட்டிருக்கின்றது. விமானிகள் சிலரைக் கொண்ட சிற்றணியொன்றுக்குத் தலைவராயிருந்த காலத்திலே, தம் அணியைச் சேர்ந்த விமானி ஒருவரைக்கூடச் சண்டையில் அவர் இழந்ததில்லை என்பதே அது. முதலாம் மகாயுத்தத்து அணித்தலைவர்களிடையே இஃது அரிதினும் அரிது.

இது நற்பேற்றினால் மட்டும் நிகழ்ந்ததன்று. ஒரு விதியினால் நிகழ்ந்தது. புதிதாக வந்த விமானியை அவர் உடனே சண்டைக்குள் இறக்கமாட்டார். "மேலே, உயரத்திலே நில். கீழே என்ன நடக்கின்றது என்று பார். இறங்காதே. எவனாவது உன்மேற் பாய்ந்தால் நேரே வீட்டுக்குத் திரும்பு" என்பது போன்றதொரு கட்டளை. பார்த்துப் பழகுதற்கு ஒரு காலம் கொடுத்து, அதன் பின்னரே போரிட விடுவார். கேட்பதற்கு மிகச் சாதாரணமாயிருக்கின்றது. ஆனால் ஆட்பஞ்சம் மிக்க போர்முனையிலே, மேலதிகாரிகள் நாள்தோறும் எண்ணிக்கை கேட்கும் வேளையிலே, ஒரு விமானத்தையும் ஒரு துப்பாக்கியையும் 'சும்மா பார்த்துக்கொண்டிருக்க' விடுவதற்குத் துணிவு வேண்டும். எதிரியைச் சுடும் துணிவிலும் அது குறைந்ததென்று நான் எண்ணவில்லை.

மறுபுறத்திலே நின்ற ரிக்தோபனைப் பாருங்கள். அவரும் கணக்கு வைத்தவரே. தாம் வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் பேர்லின் நகர்த் தட்டானிடம் சொல்லிச் சிறியதொரு வெள்ளிக் கிண்ணம் செய்வித்து, நாளும் விமானவகையும் பொறித்து வரிசையாக அடுக்கி வைத்தார். 60 கிண்ணம் ஆனபின் யுத்தத்தால் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து அவ்வழக்கம் நின்றது, வீழ்த்துவது நிற்கவில்லை. 1918 ஏப்ரில் 20 ஆம் நாள் இரண்டு விமானங்களை வீழ்த்தி 80 என்னும் எண்ணை எட்டினார். அப்பொழுது அவருக்கு வயது 25. வெறுத்து ஒதுக்கத்தக்க கொடியவர் அல்லர். தம் நாட்டுக்காகத் தம் கடமையைச் செய்த இளைஞர். என்றாலும் அந்தக் கிண்ண வரிசையை நினைக்கும்போது என் நெஞ்சு குளிர்ந்துபோகின்றது.

மறுநாள் ஏப்ரில் 21. அந்தப் பழைய பள்ளித் தோழன் வொப் மே, பிறவுணின் அணிக்கே புதியவனாக வந்து சேர்ந்திருந்தான். அன்று பிரான்சின் சொம் ஆற்றுப் பகுதியிலே இருதரத்து விமானங்களும் மோதின. மே கட்டளைப்படி உயரத்திலே நின்றான், ஆனால் எதிரி விமானம் ஒன்று எட்டும் தூரத்திற் செல்லக் கண்டதும் இளமை அடங்கவில்லை, கீழே பாய்ந்துவிட்டான். அவன் துரத்திய விமானத்தில் இருந்தவர் ரிக்தோபனின் ஒன்றுவிட்ட சகோதரர். சிறிது நேரத்திலே மேயின் துப்பாக்கிகள் இறுகிச் செயலற்றன. அப்பொழுதுதான் கட்டளையின் இரண்டாம் பாகம் நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடத் தொடங்கினான். செந்நிற மூவிறகு விமானம் அவன் முதுகைப் பற்றிக்கொண்டது. ஆற்றுப் பள்ளத்தாக்கிலே மரமுடிகளை உராய்வதுபோல் மிகத் தாழ்ந்து, இடமும் வலமும் வளைந்து வளைந்து மே பறந்தான். அவன் எப்படித் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாமையினாலே துரத்தியவருக்கும் அது விளங்கவில்லை போலும்!

மேலிருந்து பிறவுண் இதனைக் கண்டார். அவர் அந்நாளிலே உடல்நலங் குன்றியிருந்தார். வயிற்று நோயாலும் ஓய்வின்மையாலும் மெலிந்து, மருத்துவமனையிற் கிடக்கவேண்டியவர் விமானத்தில் இருந்தார். செங்குத்தாக இறங்கிச் செந்நிற விமானத்தின்மேற் சுட்டுவிட்டு, நிலத்தில் மோதாதிருக்க விலகி மேலே எழுந்தார். மே தப்பினான். சிறிது நேரத்திற் செந்நிற விமானம் அவுஸ்திரேலியர் வசமிருந்த மேட்டு நிலத்திலே இறங்கி நொறுங்கியது. அதனுள் இருந்தவரின் உயிர் பிரிந்தது.

அன்று தொடங்கிய வழக்கு இன்றுவரை தீரவில்லை. சுட்டது பிறவுணா, தரையிலிருந்த அவுஸ்திரேலியரா? ஒரே குண்டு, வலப்புற விலாவில் நுழைந்து இடப்புற மார்பால் வெளியேறியிருந்தது. பிறவுண் சுட்டபின்னும் ரிக்தோபன் மேயைத் தொடர்ந்து விரட்டியதைக் கண்டோர் பலர். அவ்வளவு கொடிய காயம் பட்டவர் அவ்வளவு நேரம் விமானம் ஓட்டியிருக்க இயலாது என்பது மருத்துவம் அறிந்தோர் கருத்து. குண்டு சென்ற திசையும் பிறவுண் வந்த திசையோடு பொருந்தவில்லை. ஆதலின் செட்ரிக் பொப்கின் என்னும் அவுஸ்திரேலிய சார்ஜன்ரின் இயந்திரத் துப்பாக்கியே காரணமாதல் கூடும் என்பர். வேறு இருவரின் பெயரும் அடிபடுகின்றது. விமானப் படையோ அந்த வெற்றியைப் பிறவுணுக்கே எழுதிவைத்தது. இதுபற்றி எழுந்த நூல்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றலாம்.

பிறவுண் இந்த வழக்கிலே பெரிதாக வாதாடவில்லை. தம் அறிக்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். மாண்டவரின் உடலைப் பார்த்தபோது அவருக்குப் பெருமிதத்திலும் துயரமே மிகுந்தது. அம்மாத முடிவிலே நோயும் நரம்புத் தளர்ச்சியும் முற்றி மருத்துவமனைக்குச் சென்றார். யூலையிலே பயிற்சி நிலையமொன்றில் மீண்டும் விமானம் வீழ்ந்து தலையிற் படுகாயமடைந்து மாதக்கணக்கிற் கிடந்தார். செந்நிற விமானத்தின் இருக்கை அவர் கைக்கு வந்தது. அதனையும் வீட்டிலே வைத்துக்கொள்ளாது ரொறன்ரோவிலுள்ள இராணுவ நிறுவகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

என்னுடைய வாதம் இங்கேதான் தொடங்குகின்றது. அன்றைய நிகழ்ச்சியிலே ஐயத்துக்கு இடமானது ஒன்று. ஐயத்துக்கு இடமற்றது ஒன்று. ரிக்தோபனைக் கொன்ற குண்டு எவருடையது என்பது ஐயம். மே உயிரோடு திரும்பிவந்தான் என்பதும், அவனைக் காக்க நோயாளியான ஒரு தலைவர் தம்முயிரைப் பொருட்படுத்தாது பாய்ந்தார் என்பதும் உறுதி. உலகமோ உறுதியானதை அடிக்குறிப்பாக்கி, ஐயமானதைத் தலைப்பாக்கிவிட்டது. நல்ல கணக்காளர் எவரும் இப்படிப் பேரேடு எழுதமாட்டார்.

நம் பழந்தமிழர் இதனை வேறுபடுத்தி அறிந்திருந்தனர். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி. கவரப்பட்ட நிரையை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் கரந்தையை வெட்சியின் பாற்படுத்தினார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் அதனைத் தனித் திணையாகவே ஆக்கினார். அப்படிப் பிரித்ததன் இலக்கணக் காரணங்களைப் பற்றி வகுப்பிலே மணிக்கணக்காகப் பேசியிருக்கின்றேன். வாழ்க்கைக் காரணம் எனக்கு இப்பொழுதுதான் புலனாயிற்று. தமிழ்நாட்டிலே கண்டெடுக்கப்பட்ட நடுகற்களுட் பல, தம்மூர் ஆநிரையை மீட்கப் போராடி மாண்டவர்க்கு எடுக்கப்பட்டவை. எத்தனை பேரை வெட்டினான் என்பதன்று, எதை மீட்டான் என்பதே அக்கற்களுட் பலவற்றிற் பொறித்த செய்தி. பிறவுணைத் திணைப்படுத்தச் சொன்னால் நான் தயங்காது கரந்தை என்பேன்.

இனி, அவரது பின்வாழ்வைச் சுருக்கமாகக் காண்போம். 1919 இலே படையிலிருந்து விலகிக் கனடா திரும்பினார். ரிக்தோபனை வீழ்த்தியவர் என்ற பெயரை விற்றே காலங்கழித்திருக்கலாம். அவர் பழைய படிப்பைத் தூசி தட்டிக் கணக்காளராக உத்தியோகம் ஏற்றார். பின்னர்ச் சிறியதொரு விமானக் கம்பனியைத் தொடங்கினார். விமானத்துறைச் சஞ்சிகை ஒன்றுக்குச் சில காலம் ஆசிரியராயுமிருந்தார். கனடாவின் வடபுலத்தை அறிந்தோர்க்கு அத்தகைய சிறு கம்பனியின் பயன் விளங்கும். ஏரியும் காடுமான அந்நிலத்திலே வீதியில்லை. கோடையில் மிதவைகளும் மாரியிற் பனிச்சறுக்குச் சட்டங்களும் பூட்டிய சிறு விமானங்களே கடிதமும் மாவும் மருந்தும் சுமந்து சென்றன. கொல்லும் யந்திரமாக அவர் அறிந்த விமானத்தை, அரிசி மூட்டை ஏற்றும் லொறியைப் போலாக்கிய தலைமுறை அது. இரண்டாம் மகாயுத்தம் வந்தபோது மீண்டும் சேவைக்கு விண்ணப்பித்தார்; ஏற்கப்படவில்லை. 1943 இலே ஒன்ராறியோ சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். பொதுக் காரியத்தில் இறங்கித் தோற்பதும் ஒரு தொண்டே என்பது என் எண்ணம். ஸ்ரோவ்வில் என்னும் ஊருக்கு அருகே ஒரு பண்ணையை வாங்கினார். 1944 மார்ச்சு 9 ஆம் நாள், அக்காலத்துப் புகழ்பெற்ற இளம் விமானி ஜோர்ஜ் பேர்லிங்கோடு புகைப்படம் எடுத்துக்கொண்ட சிறிது பொழுதில், மாரடைப்பால் இறந்தார். வயது 50. ரொறன்ரோ மயானத்திலே அவரது கல்லறை நெடுங்காலம் பெயர்க்கல் இன்றியே கிடந்தது. கனடாவின் வானோடிகள் புகழ்மண்டபத்திற் பெயர் சேர்ந்தது 2015 இலேதான்.

அந்த ஸ்ரோவ்வில், நம் பழைய மாணவர் பலர் குடியேறி வாழும் மார்க்கம் நகரின் அயலூர். போரினாலே இங்கிருந்து பெயர்ந்து அங்கே வேரூன்றியவர்கள் வாரந்தோறும் அவ்வழியே காரில் செல்கின்றனர். இம்மலர் அவர்கள் கையிலும் கிடைக்குமாகையால் இதனைக் குறித்துவைக்கின்றேன்.

உயிரோடு திரும்பிய மே என்ன ஆனான்? இதைச் சொல்லாவிடின் கணக்கு முடியாது. அவன், அல்ல, இனி அவர் என்றே எழுதுவேன். அவர் கனடா திரும்பி வடபுல விமானியானார். 1928 இன் முடிவிலே, எட்மன்ரனுக்கு வடக்கே நெடுந்தொலைவிலுள்ள போர்ட் வெர்மிலியன் பகுதியிலே தொண்டைக்கரப்பான் நோய் தோன்றிற்று. அங்கிருந்த மருத்துவரின் ஓலை பனியூடே ஆட்கள் மூலம் தந்தி நிலையத்துக்கு வந்து, புத்தாண்டில் எட்மன்ரனை எட்டியது. 1929 சனவரி 2 ஆம் நாள் மேயும் விக் ஹோர்னர் என்பவரும் மேற்கூரையற்ற சிறு விமானமொன்றிலே எதிர்மருந்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். மருந்து உறையாதிருக்கக் கரிச்சட்டியால் வெம்மையூட்டினர். விமானத்துள்ளே அது தீப்பற்றியும் பயமுறுத்தியது. மறுநாள் மருந்து சேரிடம் சேர்ந்தது. அவர்கள் திரும்பியபோது நகரமே திரண்டு நின்று வரவேற்றது.

1918 ஏப்ரிலிலே பிறவுண் மேலேயே நின்றிருந்தால் 1929 சனவரியிலே அந்த விமானத்தை ஓட்டுதற்கு மே இருந்திருக்கமாட்டார். வேறொருவர் போயிருப்பார் என்று சொல்லலாம்; சொல்பவர் அக்குளிரைச் சற்று எண்ணிப்பார்த்துச் சொல்லட்டும். வட்டி முதலோடு சேர்ந்து பெருகும் கணக்கைக் கணித ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். மீட்கப்பட்ட ஓர் உயிரின் பெருக்கத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பிறவுணின் பெயரோடு ரிக்தோபனின் பெயரைச் சேர்த்து எழுதுவோர், அக்கிராமத்துப் பிள்ளைகளை நினைப்பதேயில்லை.

இவையெல்லாம் ஒரு கல்லூரி மலருக்கு எதற்கென்று யாரும் கேட்கலாம். நம் பிரதான மண்டபத்துச் சுவரைப் பாருங்கள். பல்கலைக்கழகம் புகுந்தோர் பெயர்கள் பொன்னெழுத்திலே ஆண்டு வாரியாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. மருத்துவர் இத்துணையர், பொறியியலாளர் இத்துணையர், கணக்காளர் இத்துணையர் என்று ஒவ்வொரு மலரிலும் எண்ணி மகிழ்கின்றோம். மகிழ்ச்சி தக்கதே, அவர்கள் உழைத்தவர்கள். ஆயினும் அவை நம் வெள்ளிக் கிண்ணங்கள். சாதாரண தரத்திலே கணிதம் சித்தியெய்தாது, பதினோராந் தரத்தோடு படலையைக் கடந்து போய்விட்ட பிள்ளைகளின் தொகை எந்தச் சுவரிலும் இல்லை. அவர்களுள் எத்தனை பேரை மீட்க எவர் கீழே பாய்ந்தார் என்று நாம் கேட்பதில்லை.

என்னுடைய தவறொன்றையும் மறைக்கமாட்டேன். பயிற்சி பெறுமுன்னரே ஒரு பாடசாலையில் ஆசிரியனாக அமர்த்தப்பட்டேன். முதல் நாளே 50 பிள்ளைகள் நிறைந்த வகுப்பு, ஒரு வெண்கட்டி, வேறொன்றுமில்லை. நான் கற்பித்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பின்னர் ஆசிரிய கலாசாலைக்குச் சென்றபோது, முதல் வாரங்களிலே எங்களைக் கற்பிக்க விடவில்லை. மூத்த ஆசிரியர் பாடம் நடத்த, நாங்கள் வகுப்பின் பின்வாங்கில் இருந்து பார்க்கவேண்டும்; பார்த்ததை எழுதவேண்டும். அப்பொழுதுதான் அந்த 50 பேருக்கும் நான் செய்தது என்னவென்று விளங்கி நடுங்கினேன். அவர்களுட் சிலர் தமிழ்ப் பாடத்தை வெறுத்துப் போனதற்கு நானே பொறுப்பு. உயரத்திலே நின்று பார்க்கச் சொல்ல எனக்கு ஒரு பிறவுண் இருந்திலர்.

ஆகவே பழைய மாணவரிடம் ஒன்று கேட்பேன். யூபிலி ஆண்டில் அதிசிறந்த பெறுபேற்றுக்குப் பொற்பதக்கம் வழங்க அன்பர் பலர் முன்வந்திருக்கின்றனர். ஒரு பதக்கத்தைக் குறைத்தால் அந்த மாணவன் குறைந்துபோகான். அவனுக்குப் பல்கலைக்கழகம் காத்திருக்கின்றது. அப்பணத்திற் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பு நடத்துவோம். கணிதத்திலே இடறியவர்க்கு மட்டும். பணம் மாத்திரம் போதாது. நம் பழைய மாணவருள் இவ்வூரிலேயே கணக்காளராக இருப்பவர் உளர். வங்கியிலும் கச்சேரியிலும் கணக்கு எழுதுவோர் உளர். அவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து, அப்பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருத்தல் வேண்டும். பரிசளிப்பு விழாவில் மாலை கிடைப்பதுபோல் இதற்கு மாலை கிடைக்காது. சித்தியெய்திய பிள்ளையும் நன்றி சொல்ல மறந்து போய்விடக்கூடும். தோல்வியுற்றோருக்குச் செலவிடுவது வீண் என்று சங்கக் கூட்டத்திலே ஒருவர் கூறினார். அவர் நல்லவர், கல்லூரிக்காக உழைத்தவர். நான் அவரோடு உடன்படவில்லை என்பதை இங்கே எழுத்தில் வைக்கின்றேன்.

அந்தப் பத்தாந் தரத்து மாணவனை அழைத்து, என் பிழையை ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்து, "பரவாயில்லை சேர், இப்ப கிண்ணம் அவங்கட இல்லத்திலதானே இருக்குது" என்றான். இவ்வாண்டுப் போட்டிக்கு வினாக்கள் எழுதும் பொறுப்பையும் நானே கேட்டுப் பெற்றேன். 1918 ஏப்ரில் 21 ஆம் நாள் உயிர் தப்பி வந்த இளைய விமானி யார், அவர் பின்னர் எதைச் சுமந்து எங்கே சென்றார் என்று ஒரு வினா அமைத்தேன். நான்கு இல்லத்தாருள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து, போட்டியிற் சேராத ஒரு கை மட்டும் உயர்ந்தது. அது அவனுடையது.